எதிர்ப்பக்கமாகக் கிரிவலம் போன லுவா

1. கட்டில் போட்ட ஸ்டுடியோ

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஸ்டுடியோவின் கதவைத் திறந்தால் உள்ளே இரட்டைக் கட்டில் கிடந்தது. கட்டில் மேல் மெத்தை, மெத்தை மேல் தலையணை, தலையணை மேல் மடித்து வைத்த துண்டு, துண்டு மேல் ஒரு குட்டி சோப்பு. திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜின் முதல் மாடி, பன்னிரண்டாம் நம்பர் அறை. ‘ஏசி வசதியோடு வீடியோ ஸ்டுடியோ’ என்று சொல்லித்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். ஏசி இருந்தது. அதைப் போட்டால் நம் குரலுக்கு முன்னால் அதன் குரல்தான் மைக்கில் ஏறும் என்பது பிறகு தெரிந்தது.

நேராக ரிசப்ஷனுக்கு இறங்கிப் போய், “கட்டில் எதுக்குங்க?” என்று கேட்டேன்.

மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “பௌர்ணமிக்கு ரூம் வாடகைக்கு விட்டாவணும் மேடம். அப்ப கட்டில எங்க போயி தேடறது? நீங்க ஓரமா ஒக்காந்து எடுத்துக்கோங்க.”

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பல வருஷம் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவள் நான். ஒரே நேரத்தில் வகுப்பே திரண்டு “மேடம், ஸ்க்ரீன் கறுப்பாயிடுச்சு” என்று கத்தினால் யாருக்குத்தான் வராது? ஆனால் அந்த சென்டரை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவளை ‘வாங்க மேடம்’ என்று கூப்பிட வேறு ஆள் இல்லை. அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

இப்போது தமிழில் புரோகிராமிங் வீடியோ எடுக்க நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் நல்ல மைக் எது, கேமரா எது என்று கேட்கிறார்கள். நான் முதலில் கட்டிலைப் பற்றித்தான் சொல்கிறேன். மெத்தை இருந்தால் அறையில் எதிரொலி வராது. நாங்கள் அந்த மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் முதல் பாடத்தையே பதிவு செய்தோம்.

2. நிலாவின் பெயரில் ஒரு மொழி

லாட்ஜ் முதலாளி தணிகாசலத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒருவன் இருந்தான். அவன் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் யாரோ ஒருவர் வீட்டிலிருந்தபடியே பாடம் எடுத்து ஓகோவென்று ஆனதைச் சொல்லிவிட்டுப் போவான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் முதலாளிக்கு ஆசை வந்தது.

“எல்லாரும் எடுக்கறதையே நாமளும் எடுத்தா எவன் பாப்பான்? கூட்டம் கம்மியா இருக்கற மொழியா ஒண்ணு சொல்லுங்க மேடம்” என்றார்.

நான் லுவா என்றேன். சின்ன மொழி, புதிதாகப் படிப்பவர்களை ரொம்பப் படுத்தாது, கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குள் நிறையப் பயன்படுகிறது. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில் போகிறபோக்கில், “லுவான்னா போர்ச்சுகீசிய மொழியில நிலான்னு அர்த்தம் சார்” என்றேன்.

அவர் திரும்பிய வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. “இன்னா சொன்னீங்க? நிலாவா? அட, பௌர்ணமி ஊருல நிலா பேர்ல ஒரு மொழி! இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்? ஆரம்பிங்க மேடம்!”

உலகத்தில் லுவாவைத் தேர்ந்தெடுக்க எத்தனையோ தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. எங்கள் காரணம் இதுதான்.

எடிட்டிங்குக்கு இம்தியாஸ் வந்து சேர்ந்தான். முப்பது வயது, வேலையில் கெட்டிக்காரன். அவன் அத்தாவுக்குக் கிரிவலப் பாதையில் செருப்புக் கடை. பௌர்ணமியன்று ஊரே வெறுங்காலோடு நடந்து போவதைப் பார்த்தபடி அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இம்தியாஸ் அதுவரை கல்யாண வீடியோ மட்டுமே எடிட் செய்தவன். அதனால் எங்கள் முதல் பாடத்தில் ‘வேரியபிள் என்றால் என்ன’ என்று நான் கேட்டு முடித்ததும் திரை முழுக்க ரோஜா இதழ்கள் கொட்டின. அடுத்து என் முகம் ஒரு இதய வடிவத்துக்குள் வந்து நின்றது.

“இம்தியாஸ், எனக்கென்ன இப்பத்தான் நிச்சயதார்த்தமா?” என்று கத்தினேன்.

“அக்கா, சும்மா எழுத்தா ஓடினா சனங்க பாக்க மாட்டாங்கக்கா. கொஞ்சம் பூ போட்டாதான் நிப்பாங்க.”

“பூ போடறதுக்கு நான் என்ன பொணமா?”

“ஐயோ, வாயக் கழுவுங்கக்கா” என்று சொல்லிவிட்டு இதழ்களை மட்டும் எடுத்தான். இதயத்தை எடுக்க இன்னும் இரண்டு பாடம் ஆனது. அவனோடு நான் போட்ட சண்டை எல்லாம் இப்படித்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவன் செய்த சின்னச் சின்ன அனிமேஷன்கள் இல்லையென்றால் என் பாடங்களை நானே பார்த்திருக்க மாட்டேன்.

3. ஒருத்தன், ஒரே ஒருத்தன்

மாதங்கள் ஓடின. பாடங்கள் ஏறின. பார்ப்பவர்கள்தான் வரவில்லை. வந்த கருத்துகளில் ஒன்று, ‘மேடம், பின்னால் மயில் சத்தம் நன்றாக இருக்கிறது’ என்றது. இன்னொன்று, ‘பௌர்ணமிக்கு ரூம் கிடைக்குமா?’ என்று கேட்டது. அதற்கு மேனேஜர் உடனே பதில் போட்டுவிட்டார்.

புரட்டாசி முடியும் சமயத்தில் முதலாளி மாடிக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்திருந்த மெத்தையைப் பார்த்தார்.

“மேடம், நான் வெளிப்படையாவே சொல்லிடறேன். கார்த்திகை தீபத்துக்கு ஊர்ல ஒரு பாய் விரிக்க எடம் கெடைக்காது. இந்த ரூமைச் சும்மா வெச்சுக்கினு இருந்தா என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லுவாங்க.”

“கொஞ்சம் டைம் குடுங்க சார்.”

“குடுக்கறேன். எனக்கு லட்சம் பேர் பாக்கணும்னு இல்ல. நம்ம வீடியோவைப் பாத்து நான் கத்துக்கினேன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து சொல்லட்டும். தீபத்துக்குள்ள அப்படி ஒருத்தன் வந்துட்டா ரூம் உங்களுது. வரலன்னா ரூம் ரூம்தான்.”

அவர் போன பிறகு இம்தியாஸ் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். ரூம் போனால் அவன் மறுபடி கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுப் பந்தியைப் படம் எடுக்கப் போக வேண்டும். நான் எங்கே போவேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. வெளியில், “ஒருத்தன்தானே, பிடிச்சிடலாம் வா” என்றேன்.

4. ரிசப்ஷனில் கலவரம்

ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப வரிசையாகச் செய்யச் சொல்வதற்குப் பெயர் லூப். ஒன்பதாவது பாடம் அதுதான். நம் ஊர் ஆட்களுக்குப் புரியட்டும் என்று கிரிவலப் பாதையில் இருக்கும் எட்டு லிங்கங்களையும் ஒரு பட்டியலாகப் போட்டேன். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரைக்கும் லூப் ஓடும், ஒவ்வொரு பெயராகத் திரையில் வரும். நடுவில் மலை, அதைச் சுற்றி ஒரு குட்டி ஆள் வேட்டியோடு நடப்பது மாதிரி இம்தியாஸ் அனிமேஷன் செய்திருந்தான். அழகாக வந்திருந்தது.

பத்தாவது பாடம், லூப்பைப் பின்னோக்கி ஓட்டுவது. எட்டில் தொடங்கி ஒன்றுக்கு வர வேண்டும், அதற்கு மைனஸ் ஒன்று என்று கொடுக்க வேண்டும். பட்டியல் கைவசம் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டேன். இம்தியாஸும் பழைய அனிமேஷனை எடுத்து அப்படியே திருப்பிவிட்டான். இரண்டு பேரும் ‘அருமை, அருமை’ என்று சொல்லிக்கொண்டு வீடியோவை ஏற்றினோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும், என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது மண்டையில் ஏறவேயில்லை.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. வழக்கம் போல எங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்து ரிசப்ஷன் மூலையில் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் நெரிந்தது. விளம்பரத்துக்காக எங்கள் பாடங்களை ரிசப்ஷன் டிவியில் சத்தமில்லாமல் ஓடவிடுவது முதலாளியின் ஏற்பாடு. மத்தியானம் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து சாவிக்காகக் காத்திருந்தது. அந்த அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

“என்னாங்க இது?” என்று அவர் வீட்டுக்காரரை இடித்தார். “அந்த ஆளு எதிர்ப்பக்கமா இல்ல போறான்?”

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “ஆமாண்டி. ஈசான்யத்துலருந்து குபேரனுக்குப் போறான்... அங்கருந்து வாயு... அடப்பாவி!”

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஒருவர், “சாவு வீட்டுலதான்யா இப்படி எடப்பக்கம் சுத்துவாங்க” என்றார். இன்னொருவர், “நல்ல நாளும் அதுவுமா, சாமிக்கு முன்னாடி விளையாட்டா?” என்று எழுந்தே விட்டார். டிவியில் அந்தக் குட்டி ஆள் எதைப் பற்றியும் கவலைப்படாமல் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான். பாடம் முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி நடந்தான்.

மேனேஜர் ரிமோட்டைத் தேடினார். ரிமோட் யார் பெட்டிக்கு அடியிலோ மாட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் இம்தியாஸ் நாற்காலி மேல் ஏறி டிவியின் முன்னால் நின்று கையை விரித்து மறைத்தான். அவன் இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் அந்த ஆள் தெரிந்தபடியேதான் இருந்தான்.

இந்தச் சத்தத்தில்தான் முதலாளி உள்ளே வந்தார். அன்று கிரிவலம் போவதற்காக நெற்றி நிறைய விபூதி, வெறுங்கால். டிவியைப் பார்த்தார். ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

5. நீங்களே மாத்திக்கோங்க சார்

மறுநாள் காலையில் விசாரணை.

“அந்த வீடியோவைத் தூக்குங்க.”

“தூக்க முடியாது சார். ஒன்பதுக்கு அப்புறம் பதினொண்ணு வந்தா படிக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

“ஏம்மா, எங்க அப்பா காலத்துலருந்து பௌர்ணமி தவறாம சுத்தற குடும்பம் இது. என் லாட்ஜ்லயே ஒருத்தன் எதிர்ப்பக்கமா சுத்தினா எனக்கு எப்படி இருக்கும்?”

இம்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டு, “தப்புதான் மொதலாளி. எங்க கடை வாசல்லதான் அத்தினி பேரும் போறாங்க. நானே கவனிக்கல” என்றான்.

அவர் வருத்தப்பட்டது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பாடத்தில் பிழை இல்லையே! மைனஸ் ஒன்று போட்டால் லூப் பின்னால்தான் போகும். அதோடு முந்தின நாள் எல்லார் முன்னாலும் கூரையைப் பார்த்து நின்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது. வாய் முந்திவிட்டது.

“நேரா சுத்த வைக்கறது எப்படின்னு அதுக்கு முந்தின பாடத்துலயே சொல்லியிருக்கேன் சார். உங்களுக்கு அவ்வளவு அவசரம்னா நீங்களே பாத்து மாத்திக்கோங்க!”

முதலாளி எழுந்தார். “மாத்தறேன். எனக்கு முடியாதுன்னு நெனச்சிக்கினீங்களா?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டு முடிந்ததும் இம்தியாஸ், “அக்கா, ரூம் போச்சு” என்றான்.

அடுத்த வாரம் மேனேஜர் மூச்சிரைக்க மாடிக்கு வந்தார். “மேடம், கஸ்டமர் வந்தா எந்த ரூம் காலின்னு பாக்க முடியல. மொதலாளி காலைலருந்து ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல ஒக்காந்து உங்க வீடியோவைப் பாத்துக்கினு இருக்காரு. எழுந்திருங்கன்னா மொறைக்கறாரு.”

நாங்கள் நம்பவில்லை. கீழே எட்டிப் பார்த்தால் உண்மைதான். முதல் பாடத்திலிருந்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். காபி பக்கத்தில் ஆறிப்போயிருந்தது.

பிறகு சந்தேகங்கள் வர ஆரம்பித்தன. நேரில் கேட்க வீராப்பு விடவில்லை, மேனேஜரைத்தான் அனுப்பினார். “மேடம், கடைசியில எண்ட் எங்கன்னு கேக்குதாம். அதான் எல்லாத்தையும் எழுதியாச்சே, முடிஞ்சதுன்னு அதுக்கா தெரியாதான்னு கேக்கறாரு.” தெரியாது, லூப் முடியும் இடத்தில் ‘எண்ட்’ என்று எழுதத்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். “குபேரன் பேர்ல கோட்டேஷன் மார்க் ஒரு பக்கம்தான் இருக்காம், அதுக்கு ஏன் மொத்த புரோகிராமும் படுத்துக்குதுன்னு கேக்கறாரு.” அதற்கும் பதில் அனுப்பினேன். மேனேஜருக்குப் படியேறி இறங்கிக் கால் வலி கண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் முதலாளியே வந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை, கவலை இருந்தது.

“மேடம், இந்திர லிங்கத்துக்கு முன்னாடி புதுசா ஒண்ணு காட்டுது. ஆங்கிலத்துல நில்னு போட்டிருக்கு. நானும் இத்தினி வருஷமா சுத்தறேன், அப்படி ஒரு லிங்கத்தைப் பாத்ததே இல்லையே!”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு அவர் எழுதியதைப் பார்த்தேன். லூப்பைச் சைபரில் தொடங்கியிருந்தார்.

“சைபர்ல ஏன் சார் ஆரம்பிச்சீங்க?”

“அக்கா பையன் போன்ல சொன்னான். கம்ப்யூட்டர்ல எதை எண்ணினாலும் சைபர்லருந்துதான் மாமான்னான்.”

“அவன் வேலை செய்யற மொழியில அப்படி சார். லுவாவுல பட்டியல் ஒண்ணுலருந்துதான் ஆரம்பிக்கும். சைபர்ல யாரும் இல்ல. இல்லங்கறதைத்தான் அது நில்னு சொல்லுது.”

முதலாளி முகம் மலர்ந்தது. அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டார். “டேய், உன் சைபர் கிய்பர் எல்லாம் உன் கம்பெனியோட வெச்சுக்க. நம்ம மொழியில ஒண்ணுலருந்துதான் தெரியுமா! மனுசன் எண்ற மாதிரி.”

நம்ம மொழி என்று அவர் சொன்னது லுவாவை. சென்டரில் படித்த ஒரு மாணவன்கூட அப்படிச் சொன்னதில்லை. இம்தியாஸ் என்னைப் பார்த்துவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

6. எண்ணிக்கை

தீபத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஊருக்குள் பந்தல் கட்டும் வேலை ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கு ஒருத்தனும் வரவில்லை. சாமான்களை நிரந்தரமாகக் கட்ட வேண்டியதுதான் என்று அட்டைப்பெட்டி வாங்கி வைத்திருந்தேன். அப்போது மேனேஜர் வந்து, “மொதலாளி ரெண்டு பேரையும் கீழ வரச் சொல்றாரு” என்றார். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு இறங்கினோம்.

ரிசப்ஷன் டிவியில் அவர் எழுதிய புரோகிராம் தெரிந்தது. “ஓட விடறேன், பாருங்க” என்று ஒரு பொத்தானை அழுத்தினார். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசான்யம். எட்டும் வரிசையாக வந்தன. அதற்கு அப்புறமும் ஒரு வரி வந்தது. ராஜகோபுரம்.

“இது எங்க சார் பட்டியல்ல இருக்கு?” என்றேன்.

“பட்டியல்ல இல்ல. எட்டு லிங்கத்தோட நின்னுட்டா கிரிவலம் முடிஞ்சதாயிடுமா? கெளம்பின எடத்துக்கு வந்து சேர வேணாமா? அதான் எண்டுக்கு அப்புறம் தனியா ஒரு வரி போட்டேன். லூப்புக்கு உள்ள போட்டேன்னு வையுங்க, ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒருவாட்டி கோபுரத்துக்குத் திரும்பி வந்துடறான். வெளியில போட்டாத்தான் ஒருவாட்டி வரான்.”

லூப்புக்கு உள்ளே எது, வெளியே எது என்பதை நான் எந்த வீடியோவிலும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இம்தியாஸ் என் முழங்கையை இடித்தான். அவன் இடிப்பதற்கு முன்பே எனக்கும் அது உறைத்துவிட்டது.

“சார், நம்ம வீடியோவைப் பாத்து ஒருத்தனாவது கத்துக்கணும்னு சொன்னீங்க.”

“ஆமா, சொன்னேன். எவனும் வரலையே.”

“வந்துட்டாரு சார். எதிர்ல நிக்கறாரு.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், “அதெப்படி? நான் மொதலாளி. நான் கணக்குல வர மாட்டேன்” என்றார்.

“ஏன் சார் வர மாட்டீங்க? நம்ம மொழியில ஒண்ணுலருந்துதானே எண்றோம்?”

மேனேஜர் பக்கென்று சிரித்துவிட்டார். முதலாளி அவரை முறைத்தார், பிறகு டிவியைப் பார்த்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா மாட்டி விட்டீங்கம்மா. சரி, ரூம் உங்களுது. ஆனா தீபத்தன்னைக்கு மட்டும் எனக்கு வேணும், ஆமா!” என்றார். தீபத்தன்று நாங்கள் மறுபடி மூலையில் பெட்டிகளோடு உட்கார்ந்தோம். டிவியில் இம்தியாஸின் ஆள் நேராகச் சுற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் கோபுரத்துக்கு வந்து கும்பிடவும் செய்தான்.

இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். பாடம் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. ‘சே, இது தப்பாச்சே, இதை இப்படியே விடக் கூடாதே’ என்று பார்க்கிறவருக்குக் கை துறுதுறுக்க வேண்டும். தெரியாமல் செய்த காரியத்தை அதற்குப் பிறகு தெரிந்தே செய்தேன்.

பத்தாவது பாடத்தைப் புதிதாக எடுத்தோம். இந்த முறை திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற பஸ்ஸின் நிறுத்தங்கள்தான் பட்டியல். பஸ் திரும்பி வந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் வேண்டுமென்றே ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டேன். சில நாளில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கருத்து எழுதியிருந்தாள். ‘எங்க ஊர் ஸ்டாப்பை விட்டுட்டீங்க மேடம், பஸ் எங்களை ஏத்தாம போவுது, நானே சரி பண்ணிட்டேன்’ என்று எழுதி, கீழே முழு புரோகிராமையும் போட்டிருந்தாள். போகவும் சரியாக ஓடியது, வரவும் சரியாக ஓடியது.

அதை முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எண்ட் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

“ரெண்டு” என்றார்.